உப்பும் உதிரமும்

ஆம்பூரில் விடிவதற்கு முன் ஒரு டேனரி வாசலில் லாரி வந்து நின்றால், உள்ளே என்ன சரக்கு என்று யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. மூக்கே சொல்லிவிடும். தார்ப்பாயை விலக்கினால் மடித்து அடுக்கிய மாட்டுத்தோல். ஒவ்வொரு மடிப்பிலும் கல்லுப்பு. தோலை இறக்குபவர்கள் முதலில் அதை உதறுவார்கள். உதறிய உப்பு தரையில் அழுக்குப் பனிபோலக் குவியும்.

உரித்த தோல் சில மணி நேரம்தான் தாங்கும். சித்திரை வெயிலில் அந்த அவகாசமும் குறைவு. மாடு உயிரோடு இருந்தவரை தோலின் மேற்பரப்பில் அடங்கிக் கிடந்த பாக்டீரியா, அது செத்ததும் உள்ளே இறங்கிப் புரதத்தை அரிக்கத் தொடங்கிவிடும். முதல் அறிகுறி, முடி தளர்ந்து கையோடு வருவது. அடுத்து, மேல்பரப்பில் ஊசி குத்தியதுபோலக் குழிகள். அந்த நிலைக்குப் போன தோலை எந்த ரசாயனத்தாலும் மீட்க முடியாது. அதனால்தான் அறுக்கும் இடத்திலேயே உப்பைக் கொட்டுகிறார்கள். தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல்.

ஆம்பூரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் போனால் வேலூர். அங்கும் உடலைவிட்டு வெளியேறிய ஒன்றை உப்புநீர் கொண்டு காப்பாற்றுகிறார்கள். இதய அறுவை சிகிச்சையின்போது மார்புக்குள் கசியும் ரத்தத்தை உறிஞ்சி, கழுவி, அதே நோயாளிக்குத் திரும்ப ஏற்றும் முறை அது. அங்கே கல்லுப்பு கிடையாது. நூறு மில்லி நீருக்கு 0.9 கிராம் உப்பு சேர்ந்த சலைன். இரண்டு இடத்திலும் எதிரி ஒன்றுதான். ஆனால் இரண்டு உப்பும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

தோல் இந்தப் பகுதிக்குப் பழைய தொழில். பாலாற்றுப் படுகையில் ஊற்று தோண்டினால் தண்ணீர் கிடைத்த காலத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் டேனரிகள் பெருகின. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுக் குழிகளில் வாரக்கணக்கில் ஊறவைத்த மாட்டுத்தோல் ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேற்பகுதிக்குத் தைத்தது பெரும்பாலும் மதராஸ் மாகாணத்துத் தோலைத்தான். ஆல்பிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் மதராஸில் தொடங்கிவைத்த குரோம் பதனீடு, பல்லாவரத்தில் தொழிற்சாலையாக வளர்ந்து, குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரையும் தந்தது. குழியில் வாரங்கள் எடுத்த வேலை டிரம்மில் ஒரு நாளுக்குள் அடங்கியது. 1970களில் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு அரசு தடை போட்டது. தோலை அனுப்பிய ஊர் ஷூவை அனுப்பும் ஊரானது.

பட்டையோ குரோமியமோ, எதில் பதனிட்டாலும் முதல் வேலை ஊறப்போடுவதுதான். அதில் தோலிலிருந்து கழன்று போவது உப்பு, சாணம், ரத்தம். அந்த நீர் போய்ச் சேர்ந்த இடம் பாலாறு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இந்தப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்ற கணக்கு தீர்ப்பிலேயே இடம்பெற்றது. தோலைக் காத்த உப்புக்கும் அந்தக் கணக்கில் பங்கு உண்டு.

இவ்வளவு உப்பு போட்டும் கிருமி முழுவதும் ஒழிவதில்லை என்பது டேனரிக்காரர்களுக்குத் தெரியும். நாள்பட்ட உப்புத் தோலில் சில சமயம் செந்நிறத் திட்டுகள் படரும். உப்பளத்து உப்பிலேயே வாழப் பழகிய நுண்ணுயிர்களின் வேலை அது. எதைப் போட்டுக் கிருமியைத் தடுக்கிறோமோ, அதற்குள்ளேயே குடியிருக்கும் கிருமி.

வேலூரின் கதை இன்னொரு பக்கம் நகர்ந்தது. ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக, ஊர்ப் பேச்சில் சி.எம்.சி.யாக வளர்ந்தது. அமெரிக்க நெஞ்சக அறுவை நிபுணர் ரீவ் பெட்ஸ் 1948இல் இங்கே வந்தார். அடுத்த ஆண்டு அவர் அமைத்த துறையே நெஞ்சக அறுவைக்கென இந்தியாவில் தோன்றிய முதல் துறை என்று அறியப்படுகிறது. காசநோய் தின்ற நுரையீரல்களோடு தொடங்கிய கத்தி, மெல்ல இதயத்துக்கு நகர்ந்தது.

அன்றைய இதய நோயாளி பெரும்பாலும் இளம் வயதினர். சிறு வயதில் தொண்டைப் புண், மூட்டுக் காய்ச்சல். பத்து வருடம் கழித்து மூச்சு வாங்கும். ருமாட்டிக் காய்ச்சல் மைட்ரல் வால்வின் இதழ்களை ஒட்டவைத்து வாயைச் சுருக்கியிருக்கும். அதற்கான வைத்தியம் துணிச்சலானது, எளிமையானதும்கூட. துடிக்கும் இதயத்தை நிறுத்தாமலேயே அதன் ஓரத்தில் சிறு துளையிட்டு, விரலாலோ விரியும் கருவியாலோ வால்வைப் பிளந்துவிடுவார்கள். 1956 முதல் 1980 வரை அப்படிச் சிகிச்சை பெற்ற 3,724 பேரின் வரலாற்றை டாக்டர் ஸ்டான்லி ஜானும் அவரது சகாக்களும் 1983இல் ‘சர்குலேஷன்’ இதழில் வெளியிட்டார்கள். இந்த வகைச் சிகிச்சையில் உலகிலேயே பெரிய தொகுப்புகளில் ஒன்று அது.

அதில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. ரத்தம் அதிகம் தேவைப்படவில்லை.

இதயத்தைத் திறந்து உள்ளே பார்த்து வேலை செய்ய நினைத்தபோதுதான் ரத்தம் பெரிய பிரச்சினையானது. 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு ஓர் இளம்பெண்ணின் இதயத்திலிருந்த ஓட்டையை மூடினார். 1960களின் தொடக்கத்தில் டாக்டர் என். கோபிநாத் வேலூரில் செய்த திறந்த இதய அறுவை, இந்தியாவில் வெற்றி கண்ட முதல் சிகிச்சையாகப் பேசப்படுகிறது. ஆரம்ப கால இயந்திரங்களின் குழாய்களையும் தொட்டிகளையும் நிரப்பவே பல பாட்டில் புது ரத்தம் வேண்டும். நோயாளி மேஜையில் படுப்பதற்கு முன்பே, அவருக்காக ஒரு சிறு கூட்டம் கையை நீட்டியிருக்க வேண்டும்.

வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் காட்பாடியில் வந்து இறங்கும் குடும்பத்துக்கு அந்தக் கூட்டம் எங்கே? மொழி தெரியாது, ஊரில் யாரையும் தெரியாது. உறவினர் கொடுத்தால் உண்டு. இல்லையென்றால் மாணவர்களோ முகம் தெரியாத நல்ல மனிதர்களோ வர வேண்டும். நாடு முழுவதும் அந்த இடைவெளியில் காசுக்கு ரத்தம் விற்பவர்கள் நுழைந்தார்கள். வறுமையில், வாரத்துக்கு ஒருமுறைகூடக் கை நீட்டியவர்கள் அவர்களில் உண்டு. ‘காமன் காஸ்’ அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் தீர்ப்பளித்த பிறகு, 1998 ஜனவரி 1 முதல்தான் அந்த வியாபாரம் சட்டப்படி முடிவுக்கு வந்தது.

அப்படியானால், நோயாளியிடமிருந்து சிந்தும் ரத்தத்தையே அள்ளி அவருக்கே கொடுத்தால் என்ன?

இந்தக் கேள்வி வயதில் மூத்தது. லண்டனில் ஜேம்ஸ் ப்ளண்டெல், பிரசவத்தில் ரத்தம் வடிந்து சாகும் பெண்களைக் கண்டு 1818 வாக்கில் ரத்தமேற்றும் சோதனைகளில் இறங்கினார். எடின்பரோவில் ஜான் டங்கன் 1885இல், ரயில் விபத்தில் கால்கள் நசுங்கிய ஒருவரின் காலை நீக்கும்போது வடிந்த ரத்தத்தை உறையாமலிருக்க சோடியம் பாஸ்பேட் கலந்து அவருக்கே திரும்பச் செலுத்தினார். ஜெர்மனியில் தீஸ் என்ற மருத்துவர் 1914இல், கருக்குழாய் வெடித்து வயிற்றுக்குள் தேங்கிய ரத்தத்தைப் பெண்களுக்கே ஏற்றிய அனுபவத்தை எழுதினார். இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ரத்த வங்கி எட்டாத சிறு மருத்துவமனைகளுக்கு அந்த வழி வெகுகாலம் கைகொடுத்தது. வேண்டியதெல்லாம் சுத்தம் செய்த கரண்டி, பல மடிப்பு காஸ் துணி, புனல், சிட்ரேட் மருந்து போட்ட பாட்டில். வயிற்றில் தேங்கியதை மொண்டு, துணியில் வடித்து, பாட்டிலில் நிரப்பி, உடனே கை நரம்பில் ஏற்றுவார்கள். பாட்டிலை வைத்திருந்து காத்திருப்பது என்ற பேச்சே கிடையாது.

அடுத்தவர் ரத்தத்தின் மேலிருந்த நம்பிக்கை 1980களில் ஆட்டம் கண்டது. அதில் வேலூருக்கும் ஒரு பக்கம் உண்டு. சி.எம்.சி.யின் நுண்ணுயிரியல் ஆய்வகம் தோல் நாட்டின் கிருமிகளை நன்கு அறிந்தது. செத்த ஆட்டையும் மாட்டையும் கையாள்வோருக்குத் தொற்றும் அடைப்பான் நோய், மூளைக்காய்ச்சலாக வெடித்து வந்த நோயாளிகளை அது மருத்துவ இதழ்களில் பதிவுசெய்திருக்கிறது. டாக்டர் டி. ஜேக்கப் ஜான் முன்னின்று நடத்திய வடஆற்காடு நோய்க் கண்காணிப்பு, மாவட்டத்து மருத்துவர்களிடமிருந்து அஞ்சலட்டையில் தகவல் வாங்கியே தொற்றுகளின் தடம் பிடித்தது. 1986 பிப்ரவரியில் அந்த ஆய்வகத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மருத்துவ மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள். அவரே ரயிலேறி காட்பாடிக்குக் கொண்டுவந்தவை. சோதனைத் தட்டில் ஆறு குழிகள் மஞ்சளாக மாறின. எச்.ஐ.வி. இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்பதை நாடு அறிந்தது அப்படித்தான்.

ரத்தம் ஏற்றினால் உயிர் பிழைக்கும் என்ற எண்ணத்தோடு, ரத்தம் ஏற்றினால் என்ன வரும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. உலகெங்கும் அறுவை மருத்துவர்கள் நோயாளியின் சொந்த ரத்தத்தின் பக்கம் திரும்பினார்கள். கருவி அதற்குள் தயாராக இருந்தது. ஆலன் லேதம் வடிவமைத்த சுழல் கிண்ணத்தை வைத்து அமெரிக்காவின் ஹேமோனெட்டிக்ஸ் நிறுவனம் 1970களில் ‘செல் சேவர்’ இயந்திரத்தைக் கொண்டுவந்திருந்தது. 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் நாட்டின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்த பிறகு, இந்தியாவிலும் இதய அறுவைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ரத்தத்தின் தேவையும்தான்.

செல் சேவரின் வேலையைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். மார்புக்குள் கசியும் ரத்தத்தை ஒரு குழாய் உறிஞ்சும்; கூடவே இன்னொரு மெல்லிய குழாயில் ஹெப்பாரின் சொட்டிக் கலக்கும், உறையாமலிருக்க. ரத்தம் ஒரு தொட்டியில் சேர்ந்து வடிகட்டியைத் தாண்டி, நிமிடத்துக்கு 5,000 சுற்றுகளுக்கு மேல் சுழலும் கிண்ணத்துக்குள் போகும். கனமான சிவப்பணுக்கள் ஓரத்தில் படியும். பிளாஸ்மா, கொழுப்பு, உடைந்த அணுக்களின் கழிவு எல்லாம் மேலே வழிந்து வெளியேறும். பிறகு சலைனை ஊற்றி அலசுவார்கள். ஒரு கிண்ணத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். அலசி முடித்த சிவப்பணுக்கள் கெட்டியாக ஒரு பையில் இறங்கும். இயந்திரத்தின் அருகில் நிற்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட் அதை மயக்க மருத்துவரிடம் கொடுப்பார். சில நிமிடம் முன்பு இதயத்தைச் சுற்றிக் குளமாக நின்றது, கழுத்து நரம்பு வழியே அதே உடலுக்குள் திரும்பும்.

சொந்த ரத்தம் என்றால் சுத்தமான ரத்தம் என்றுதான் எல்லோரும் முதலில் நினைத்தார்கள். 1980களின் இறுதியிலிருந்து சில மருத்துவமனைகள் அந்தப் பையிலிருந்து சில மில்லி எடுத்து வளர்தட்டில் இட்டுப் பார்த்தன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்களும் இதய அறுவையில் மீட்ட ரத்தத்தை இப்படிச் சோதித்து 1992இல் எழுதினார்கள். தட்டுகளில் பாக்டீரியா வளர்ந்தது. எத்தனை பைகளில் என்ற விகிதம் ஆய்வுக்கு ஆய்வு வெகுவாக மாறினாலும், வளர்ந்தவற்றின் பெயர்ப் பட்டியல் பெரிதாக மாறவில்லை. மனிதத் தோலில் குடியிருக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸும் அதன் உறவுகளும்தான் முதலிடத்தில்.

அவை எப்படி உள்ளே போயின என்பதற்குப் பெரிய மர்மம் தேவையில்லை. மார்பில் அயோடின் எவ்வளவு தடவினாலும் மயிர்க்கால்களின் ஆழத்தில் இருப்பவை தப்பும். கத்தி கீறியதும் மேலே வரும். தியேட்டரில் நடமாடும் ஒவ்வொருவரின் உடலிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் காற்றில் உதிரும். உறிஞ்சுகுழாய் ரத்தத்தை இழுக்காத நேரத்தில் சும்மா இருப்பதில்லை. காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். மூன்று நான்கு மணி நேர அறுவையில் அது எவ்வளவு காற்றைக் குடித்திருக்கும்! அந்தக் காற்றில் வந்ததெல்லாம் தொட்டியிலுள்ள ரத்தத்தில் படியும்.

அலசினால் போகாதா என்றால், குறையும்; ஒழியாது. பாக்டீரியாவில் ஒரு பங்கு அணுக்களோடு ஒட்டிக்கொண்டு கிண்ணத்திலேயே தங்கிவிடுகிறது. வெள்ளையணுக்களைப் பிடிக்கும் வடிகட்டி வழியாக விட்டால் இன்னும் குறையும். ஆனால் ஆய்வாளர்கள் நோயாளிகளைப் பின்தொடர்ந்தபோது, இந்த ரத்தம் ஏற்றியதால் ரத்தத்தில் நச்சுத்தொற்று வந்ததாகப் பொதுவாகக் காணவில்லை. கிருமிகளின் எண்ணிக்கை குறைவு. அறுவைக்கு முன்பே நோயாளிக்கு ஆன்ட்டிபயாட்டிக் போட்டாகிவிட்டது. மிச்சத்தை உடலின் காவல் பார்த்துக்கொள்கிறது. அதனால் முறை கைவிடப்படவில்லை. குடல் கிழிந்து மலம் கலந்த ரத்தத்தையும், சீழ் பிடித்த இடத்து ரத்தத்தையும் மட்டும் எடுப்பதில்லை என்பது பொது வழக்கம்.

இதய அறுவையில் ஓர் உறுத்தல் மட்டும் மிச்சமிருந்தது. வேறு இடத்தில் பாவமாகத் திரியும் ஸ்டாபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், செயற்கைப் பொருளைக் கண்டால் அதன்மேல் பிசின்போலப் படிந்து கூடு கட்டும். புது வால்வு பொருத்திய இதயத்தில் அது நடந்தால் வைத்தியம் கடினம்.

அந்த வால்வு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், கதை மறுபடி டேனரிக்கே போகிறது. பாரிஸில் அலைன் கார்ப்பெந்தியே 1960களின் இறுதியில் பன்றியின் வால்வை மனிதனுக்குப் பொருத்த வழி தேடினார். ஃபார்மலினில் போட்டவை உள்ளே போய்ச் சுருங்கிக் கெட்டன. அவர் கையிலெடுத்தது குளுட்டரால்டிஹைடு. தோல் பதனிடும் தொழில் ஏற்கெனவே அறிந்திருந்த ரசாயனம். தோலில் செய்ததையே வால்விலும் அது செய்தது: கொலாஜன் இழைகளைக் குறுக்கே பின்னி, அழுகாமல் நிறுத்தியது. லீட்ஸில் மரியன் அயனெஸ்கு 1971இல் மாட்டு இதயத்தின் மேலுறையை இதேபோலப் பதனிட்டு வால்வாகத் தைத்தார். இன்று தொடைத் தமனி வழியே ஏற்றிப் பொருத்தும் வால்வுகளிலும் அப்படிப் பதனிட்ட மாட்டின் சவ்வு உண்டு. ஆம்பூர் டிரம்முக்குத் தூரத்து உறவு.

பதனிட்டதாலேயே அது கிருமியற்றதாகிவிடவில்லை. 1977இல் அமெரிக்காவில், பொருத்தத் தயாராக இருந்த பன்றி வால்வுகளிலிருந்து மைக்கோபாக்டீரியம் கெலோனே என்ற கிருமி பிரித்தெடுக்கப்பட்டது. பதனிட்ட ரசாயனத்தையே தாங்கி உயிர் பிழைத்த கிருமி. உப்புத் தோலில் படரும் செந்நிறத் திட்டின் கதை, வேறு ஒரு ஜாடிக்குள். ரசாயனத்தையும் அதை வைக்கும் முறையையும் மாற்றித்தான் தயாரிப்பாளர்கள் அதைச் சரிக்கட்டினார்கள்.

ஆனால் தோலுக்கும் வால்வுக்கும் ஒரு வசதி இருக்கிறது: இரண்டும் செத்த பொருள். கல்லுப்பைக் கொட்டினால் தோலிலுள்ள பாக்டீரியாவின் நீரெல்லாம் வெளியே இழுக்கப்பட்டு அது வாடும், தோலுக்கு நஷ்டமில்லை. குளுட்டரால்டிஹைடில் ஊறினால் சவ்வில் எஞ்சிய அணுக்கள் எல்லாம் மடியும். சர்ஜனுக்கு வேண்டியதும் அதுவே. ரத்தம் அப்படியல்ல. சிவப்பணு உயிரோடு திரும்பிப் போக வேண்டும். நாளைக்கு ஆக்சிஜன் சுமக்க வேண்டும். கிருமியைக் கொல்லும் அளவு உப்பு சிவப்பணுவையும் சுருக்கிச் சிதைத்துவிடும். சிவப்பணுவுக்கு ஒத்துக்கொள்ளும் 0.9 சதவீத உப்பில் பாக்டீரியாவும் சாவகாசமாக இருக்கும். வேலூரின் உப்பு கழுவும்; கொல்லாது.

கையில் மிஞ்சுவது நேரம் ஒன்றுதான். முன்பு அமெரிக்க ரத்த வங்கிகள் சங்கம் எனப்பட்ட ஏ.ஏ.பி.பி. அமைப்பின் விதி, உலகின் பல தியேட்டர்களில் சுவரில் ஒட்டியிருக்கும் விதி, இப்படிப் போகிறது: அறுவையின்போது கழுவி எடுத்த ரத்தம் அறை வெப்பத்தில் இருந்தால் 4 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும், அந்த 4 மணி நேரத்துக்குள் 1 முதல் 6 டிகிரிக் குளிரில் வைத்துவிட்டால் 24 மணி நேரம் வரை அவகாசம். அறுவைக்குப் பின் மார்பு வடிகுழாயில் சேரும் ரத்தத்துக்கு, சேரத் தொடங்கிய நேரத்திலிருந்தே 6 மணி. குளிரூட்டிய தியேட்டரிலும் இந்தக் கடிகாரம் நிற்பதில்லை.

இந்திய மருத்துவமனைகளில் செல் சேவர் எல்லா அறுவைக்கும் வருவதில்லை. இயந்திரத்தை ஒருமுறை வாங்கினால் போதும். கிண்ணமும் குழாயும் தொட்டியும் சேர்ந்த செட்டு ஒவ்வொரு நோயாளிக்கும் புதிது. ரத்த வங்கியின் ஒரு யூனிட்டைவிட அதன் விலை அதிகம். அதனால் ரத்தம் நிறையப் போகும் என்று தெரிந்த கேஸ், அரிதான வகை ரத்தக்காரர், அடுத்தவர் ரத்தம் வேண்டாம் என்பவர் என்று தேர்ந்துதான் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஹூஸ்டனில் டென்டன் கூலி 1960களிலேயே யெகோவாவின் சாட்சிகள் சபையினருக்கு ஒரு துளி அந்நிய ரத்தமின்றி இதய அறுவை செய்யத் தொடங்கி, 1977இல் 542 பேரின் கணக்கைக் காட்டியிருந்தார். ரத்தத்தைச் சிக்கனமாகச் செலவிடும் பாடத்தை மற்ற சர்ஜன்களும் அங்கிருந்து படித்தார்கள்.

பை நிறைந்ததும் பெர்ஃப்யூஷனிஸ்ட் அதில் ஒரு லேபிள் ஒட்டுகிறார். நோயாளியின் பெயர், மருத்துவமனை எண், கழுவி முடித்த நேரம், எத்தனை மணிக்குள் ஏற்ற வேண்டும் என்பது. பெரும்பாலான நாட்களில் அந்த நேரம் நெருங்குவதற்கு வெகு முன்பே பை காலியாகிவிடும். எப்போதாவது அறுவை முடிந்து, ரத்த அழுத்தம் சீராகி, ஏற்ற வேண்டிய அவசியம் இல்லாமலே மணி கடந்துவிடும். அப்போது பையைத் தூக்கிப் பார்த்தால் நிறத்தில் மாற்றம் தெரியாது, வாடையும் இருக்காது. லேபிளில் உள்ள பெயர் அடுத்த அறையில் படுத்திருப்பவருடையதுதான். நர்ஸ் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பைக்குள் அதைப் போட்டு வாயைக் கட்டுகிறார்.